இத்தாவோடு முடிவதில்லை
(குடும்ப வழக்கறிஞர்களுக்கான பயிற்சி அமர்வில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



தலாக் சொல்லப்பட்ட சகோதரி ஒருவர் இரண்டு பிள்ளைகளுடன் நம் அலுவலகம் வந்தார். "இத்தா முடிந்தால் உனக்கு ஒன்றும் கிடையாதம்மா" என்று ஒரு வக்கீல் சொன்னதை நம்பி, இரண்டு ஆண்டுகள் தையல் வேலையில் காலம் தள்ளியிருக்கிறார்.

சட்டம் அப்படி இல்லை. கணவர் இத்தாவுக்குள் செய்ய வேண்டிய ஏற்பாடு அவளுடைய பிற்காலத்திற்கும் சேர்த்தே என்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஜீவனாம்சத்துக்கான 125ஆம் பிரிவு தலாக்கான முஸ்லிம் பெண்ணுக்கும் பொருந்தும் என 2024 ஜூலை 10இல் தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாகியிருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 2020இல் ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்பின்படி, ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்து கணக்காகும். நாம் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளைகளின் சோற்றில் குறைகிறது.

'தெரியாது என்பதும் இல்மில் பாதி' என்பார் எங்கள் மத்ரஸா உஸ்தாத். "பார்த்துச் சொல்கிறேனம்மா" என்பதில் இழிவில்லை. பார்க்காமல் சொல்வதில்தான் அமானிதம் பாழாகிறது.