உணவுச் சங்கிலியும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாம்பைக் கண்டவுடன் பொல்லெடுப்பது நம்மவர் வழக்கம். அந்தப் பொல்லை ஓங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவே இன்று வந்தேன். இது எதை உண்டு வாழ்கிறது? இதை உண்டு வாழ்வது எது? இவற்றுக்கு விடை தேடினால், உணவுச் சங்கிலி என்று விஞ்ஞானிகள் கூறுவது தானே விளங்கிவிடும்.

முதலில் வயலுக்குச் செல்வோம். சூரிய ஒளியைக் கொண்டு பயிர் உணவாக்குகிறது. பயிரைப் பூச்சி தின்கிறது. பூச்சியைத் தவளை தின்கிறது. தவளையைச் சாரைப்பாம்பு விழுங்குகிறது. பாம்பைப் பருந்து கொண்டுபோகிறது. ஒரு படியிலுள்ள சக்தியில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கே அடுத்த படியைச் சேர்கிறது. ஆகையினாற்றான் பூச்சிகள் பலவாகவும் பருந்துகள் சிலவாகவும் இருக்கின்றன. சிலவே உள்ளவற்றைக் கொல்வது எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

சாரைப்பாம்பு நஞ்சில்லாதது, எலிகளைத் தின்று நெல்லைக் காப்பது. ஆந்தையும் அவ்வாறே. அதன் குரலை அபசகுனமென்று கல்லெறிகிறோம். எலி பெருகினால் மருந்து தேடி ஓடுகிறோம். 2024ஆம் ஆண்டு மார்கழியில் எலிக்காய்ச்சல் நம் மாவட்டத்தில் உயிர்களைப் பலிகொண்டதை நாம் மறக்கவில்லை. அன்று வெள்ளமே அந்நோய் பரவ வழிசெய்தது. எனினும், எலியை அடக்கும் உயிர்களை நாமே அழிப்பது அறிவுடைமையாகுமா?

இனிப் பனங்கூடலைப் பாருங்கள். விழுந்த பனம்பழத்தை வண்டும் எறும்பும் மரநாயும் உண்கின்றன. ஓலையிலே தூக்கணாங்குருவி கூடு கட்டித் தன் குஞ்சுகளுக்குப் பூச்சி பிடித்துக் கொடுக்கிறது. போர்க்காலத்தில் காவலரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையாக வெட்டப்பட்டன. அன்று நாம் இழந்தவை மரங்கள் மாத்திரமல்ல. அவற்றை நம்பியிருந்த உயிர்களின் வீடும் உணவுமாகும்.

மூன்றாவது நமது பரவைக்கடல். கண்டல் மரத்தின் இலை சேற்றில் விழுந்து அழுகுகிறது. அதைக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் சிறு பூச்சிகளும் உண்ண, அவற்றை இறாலும் மீன்குஞ்சும் உண்ண, அவற்றைக் கொக்கும் நீர்க்காகமும் உண்கின்றன. நம் வீட்டுச் சட்டியில் வேகும் இறாலின் கதையும் இதுவே. சரசாலைக் குருவிக்காட்டிலே பறவைகள் கூடுவது வெறும் அழகுக்காகவன்று. அங்கே தங்குவதற்குக் கண்டலும் அருகிலே இரையும் இருப்பதனாலாகும். 1938இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால், கண்டலை வெட்டி அங்கே குப்பை கொட்டுவோமாயின் சங்கிலியின் முதற் கண்ணியே அறுந்துவிடும். கடலடியை வாரியிழுக்கும் இழுவை மடி, கடற்புல்லையும் மீன்குஞ்சையும் ஒருங்கே அழிக்கிறது. இலங்கை 2017இல் அதனைச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் ஏட்டிலிருந்தாற் போதாது. அது கடலிலும் நிலைக்க வேண்டும்.

ஒரு கண்ணி அறுந்தால் என்ன நேரும் என்பதற்குச் சீன தேசம் சாட்சி. தானியத்தைத் தின்கின்றன என்று 1958இல் அங்கே சிட்டுக்குருவிகளைக் கொல்லும்படி அரசு ஏவியது. குருவிகள் ஒழிந்தன, அவை தின்றுவந்த பூச்சிகள் பெருகிப் பயிரைத் தின்றன. 1960இல் கொல்லவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கினார்கள். அன்று அந்நாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குருவியை அழித்ததும் அவற்றுள் ஒன்று.

இளைஞர்களே, பெரிய செலவுள்ள காரியம் எதையும் நான் கேட்கவில்லை. சாரையைக் கண்டால் போக விடுங்கள். ஆந்தைக்குக் கல்லெறியாதீர்கள். பூச்சிமருந்தை அளவோடு தெளிக்கும்படி வீட்டிலே சொல்லுங்கள். பரவைக்கரையிலே குப்பை கொட்டுவோரைப் பணிவோடு தடுங்கள். ஒரு பனங்கொட்டையாவது புதையுங்கள். அது மரமாகிக் காய்க்கும்போது உங்கள் பிள்ளைகள் அதன் நிழலில் நிற்பார்கள்.

சங்கிலியின் நுனியில் நிற்பவர்கள் நாமே. அதன் எந்தக் கண்ணி அறுந்தாலும் இறுதியில் வெறுமையாவது நமது உண்கலமே என்பதை மனத்திலிருத்துவோம்.