ஒரு ரூபாய் எங்கே போனது?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"மென்பொருள் துறையில் உன் அனுபவத்தைப் பற்றி ஒரு கால் மணி நேரம் பேசு" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். அனுபவம் என்று மேடையில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் வெற்றியைத்தான் சொல்வார்கள். நான் ஒரு தவற்றைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அது ஒரே ஒரு ரூபாய்த் தவறு.

முதலில் நம் ஆய்வகத்திலிருந்து தொடங்குகிறேன். 1999-இல் படிப்பை முடித்த வகுப்பு எங்களுடையது. செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் கணிப்பொறி அறைக்குள் போக வேண்டும். உள்ளே போனால் நீலத் திரையோடு டர்போ சி++ 3.0 காத்திருக்கும். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் "தேவையான கருவிகள்" என்று ஒரு தலைப்பு உண்டு. இயற்பியல் ஆய்வகம் என்றால் வோல்ட்மீட்டர், அம்மீட்டர் என்று எழுதிவிடலாம். கணிப்பொறிக்கு என்ன எழுதுவது? "கணிப்பொறி – 1" என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். எங்கள் ஆசிரியர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எந்தக் கம்பைலர், அது எத்தனாவது பதிப்பு, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், மூணையும் எழுதிட்டு வா. இல்லேன்னா கையெழுத்து கிடையாது."

"நம்பர் எழுதலேன்னா புரோகிராம் ஓடாதா சார்?" என்று கேட்டுவிட்டேன். பின்னாலிருந்த நண்பர்கள் சிரித்தார்கள். இப்போதும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.

அவர் கோபப்படவில்லை. "இங்க ஓடும்டா. வேற இடத்துல ஓடுமான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கையெழுத்து வாங்குவதற்காக எழுதினேனே தவிர, அர்த்தம் புரிந்து எழுதவில்லை. வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே கொஞ்சம் புரிந்தது. இங்கே ஓடிய நிரலை அங்கே இருந்த வேறொரு கம்பைலரில் போட்டேன். கோனியோ.எச் என்ற கோப்பே இல்லை என்றது. திரையைத் துடைக்கும் கட்டளை தெரியாது என்றது. டர்போவில் ஒரு முழு எண்ணுக்கு இரண்டு பைட்டுதான். 32,767-க்கு மேல் ஒன்று கூட்டினால் எண் கழித்தல் குறிக்குப் போய்விடும். புதிய கம்பைலரில் அதே முழு எண்ணுக்கு நான்கு பைட்டு. மொழி ஒன்றுதான், கருவிதான் மாறியிருந்தது.

வேறு துறைகளில் இருக்கும் நண்பர்களுக்காக ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். பாடப் புத்தகத்துக்கு முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று வருவதுபோல நிரல் எழுதும் கருவிகளுக்கும் பதிப்பு உண்டு. புத்தகத்தில் புதுப்பதிப்பு வந்தால் பழைய புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கும். மென்பொருளில் அப்படியில்லை. நாம் எழுதிய நிரல் அந்தக் கருவியின் தோளில் ஏறி நிற்கிறது. கீழே இருப்பவர் நகர்ந்தால் மேலே இருப்பவர் ஆட வேண்டியதுதான்.

இதற்காகவே பதிப்பு எண்ணை ஒரு வாக்குறுதிபோல எழுதும் வழக்கம் வந்தது. 2.4.1 என்று மூன்று எண்கள் இருக்கிறதென்று வையுங்கள். கடைசி எண் மாறினால் பிழை திருத்தம் மட்டும். நடு எண் மாறினால் புது வசதி சேர்ந்திருக்கிறது, பழையதும் ஓடும். முதல் எண் மாறினால், "ஐயா, பழையதில் சில இனி ஓடாது, பார்த்து வாருங்கள்" என்று பொருள். எல்லாரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. கடைப்பிடிக்க நினைப்பவர்களும் சில சமயம் தவறுவார்கள். இதற்கு நேர் எதிரான ஒருவரும் உண்டு. டொனால்டு நூத் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் பதிப்பு எண் 3.14, 3.141 என்று பை என்ற கணித எண்ணை நோக்கி ஓர் இலக்கம் ஓர் இலக்கமாக நீள்கிறது. புது வசதி கிடையாது, திருத்தம் மட்டும்தான். 2021-இல் வந்த பதிப்பின் எண் 3.141592653. எல்லாருக்கும் அந்தப் பொறுமை வாய்க்காது, எல்லாக் கருவிகளுக்கும் அது பொருந்தவும் செய்யாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2012-இல் திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். பைத்தான் 2.7 என்ற பதிப்பில் எழுதியது. திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், அங்கே கூலி ஷிப்ட் கணக்கு, வாரம் சனிக்கிழமை சம்பளம். ஒரு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார்கள், ஒரு நாள் ஒரு ஷிப்ட். அதனால் வாரக் கணக்கு ஆறரை, ஏழரை, எட்டரை என்றுதான் வரும். ஷிப்டுக்குக் கூலி 325 ரூபாய் என்றால் கணக்கு ஐம்பது பைசாவில் முடியும். அதை முழு ரூபாயாக்கிக் கொடுக்க ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தேன். ஏழு வருடம் ஒரு புகாரும் இல்லை.

பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரிலேயே. முதல் எண் மாறிய பதிப்பு, பழையது பலவும் ஓடாது என்று அவர்களே சொல்லித்தான் வெளியிட்டார்கள். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவை 2015-இல் நிறுத்துவதாக இருந்து, உலகம் மாறத் தாமதித்ததால் 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். அதற்கப்புறம் பாதுகாப்புத் திருத்தமும் வராது. ஆகவே 2019 நவம்பரில் நானும் மாற்றினேன்.

மாற்றம் வேண்டாத மாற்றம் என்று சொல்ல மாட்டேன். பழைய பதிப்பில் "அம்மா" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணியது. புதியதில் 5 என்று சொல்லும். மெய்யின் புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணினாலும், தமிழைத் தமிழாகப் பார்க்கத் தெரிந்துகொண்டது. சம்பளச் சீட்டில் தொழிலாளர்களின் பெயர் தமிழில் அச்சாக வேண்டும் என்பது முதலாளியின் நெடுநாள் ஆசை. அதுவும் நடந்தது.

இப்படிப் பதிப்பு மாறும்போது வரும் மாற்றங்கள் மூன்று விதம். முதலாவது சத்தம் போடும் மாற்றம். பழைய கட்டளை இருந்தால் நிரல் நின்றுவிடும், எந்த வரி என்றும் காட்டிவிடும். இரண்டாவது முணுமுணுக்கும் மாற்றம். இப்போதைக்கு ஓடுகிறேன், அடுத்த பதிப்பில் ஓடமாட்டேன் என்று எச்சரிக்கை மட்டும் வரும். மூன்றாவது வாயே திறக்காத மாற்றம். நிரல் ஓடும், விடை வரும், ஆனால் விடை வேறு. சத்தம் போடுவதைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது மூன்றாவதற்கு.

பழைய நிரலைப் புதிய வடிவத்துக்கு மாற்றித் தர ஒரு கருவியும் கொடுத்திருந்தார்கள். அதில் போட்டு எடுத்தேன். சத்தம் போட்ட இடங்களைச் சரி செய்தேன். இரண்டு பேருடைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன், ஒருவருக்கு ஏழரை ஷிப்ட், இன்னொருவருக்கு ஒன்பதரை. பைசா பிசகவில்லை. பழைய கணினியைப் பார்மட் செய்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். சம்பளம் வாங்கிய ஓர் அம்மா என்னிடம் வந்தார். கையில் மடக்கிய நாற்பது பக்க நோட்டு.

"ஏனுங் தம்பி, போன மாசம் எட்டரை ஷிப்டுக்கு ரெண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தி மூணு வந்துச்சு. இந்த வாரமும் அதே எட்டரைதானுங். அறுபத்தி ரெண்டுதான் வந்திருக்குது. ஒரு ரூபா எங்கீங் போச்சு?"

நான் சிரித்துக்கொண்டே, "அது ரவுண்டு பண்றதுங்க அம்மா. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்க" என்றேன்.

"பண்ணாதுங் தம்பி. போன மாசமும் கம்ப்யூட்டர்தானுங்களே போட்டுச்சு?"

எனக்குப் பதில் இல்லை. பின்னாலிருந்து ஒருவர், "எத்தனை வாரமா இப்படி எடுக்கறாங்களோ" என்றார். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஒரு ரூபாய் போனது பெரிதல்ல. கணக்கின் மேல் இருந்த நம்பிக்கை அங்கேயே போய்விட்டது.

அந்த நோட்டைக் கேட்டு வாங்கினேன். ஒரு வருடத்துக்கு வாரவாரம் எத்தனை ஷிப்ட், எவ்வளவு பணம் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் புது நிரலில் போட்டேன். ஏழரையும் ஒன்பதரையும் சரியாக வந்தன. ஆறரையும் எட்டரையும் ஒவ்வொரு ரூபாய் குறைந்தன. நான் சோதித்துப் பார்த்த இரண்டும் தப்பாத இரண்டு!

காரணம் இதுதான். சரிபாதி ஐம்பது பைசா வந்தால் பழைய பதிப்பு எப்போதும் மேலே தள்ளும். 2762.50 என்றால் 2763. புதிய பதிப்பு பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். 2762.50 என்றால் 2762, 2437.50 என்றால் 2438. இது பிழையல்ல. எப்போதும் மேலேயே தள்ளினால் பெரிய கூட்டல்களில் தொகை ஒரு பக்கமாகச் சாயும், அதைத் தவிர்க்கும் முறை இது. விஞ்ஞானக் கணக்குக்கு நல்லது. கூலிக் கணக்கில் எந்த முறை என்பதை அந்தக் கம்பெனியின் வழக்கம் தீர்மானிக்க வேண்டும், என் கருவியின் பதிப்பு தீர்மானிக்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மாற்றத்தை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. 3.0 பதிப்பின் "புதியவை" குறிப்பிலேயே எழுதியிருந்தது. பதினோரு வருடமாக அது அங்கே இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

திருத்தம் இரண்டு வரியில் முடிந்தது. டெசிமல் என்ற தொகுப்பில், பாதி வந்தால் மேலே தள்ளு என்று நாமே சொல்லிவிடலாம். எந்தப் பதிப்பு என்றாலும் அது கேட்கும். ஐந்து வாரத்துக்கும் சேர்த்து அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் பாக்கியைக் கொடுத்தோம். மொத்தம் இருநூறு ரூபாயைத் தொடவில்லை. அந்த அம்மாவிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பணத்தை எண்ணி, நோட்டில் குறித்துக்கொண்டு, "சரிங் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளே, இதிலிருந்து நான் பழகிக்கொண்ட மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, எண்ணை எழுதி வையுங்கள். மொழியின் பதிப்பு, சேர்த்த ஒவ்வொரு லைப்ரரியின் பதிப்பு, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி நிரலோடு வையுங்கள். "கடைசியாக வந்தது" என்று எழுதாதீர்கள். கடைசி என்பது தினமும் மாறும்.

இரண்டு, பழையதையும் புதியதையும் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். ஒரே கணக்கை இரண்டிலும் போட்டு விடைகளை ஒப்பிடுங்கள். உண்மையான பழைய கணக்கைப் போடுங்கள், நமக்கு வசதியாக நாமே கற்பித்த கணக்கு உதவாது. ஒப்பிட்டு முடிக்கும்வரை பழைய கணினியை அழிக்காதீர்கள்.

மூன்று, மாற்றக் குறிப்பைப் படியுங்கள். படித்துவிட்டு, காலம் தாழ்த்தாமல் மாறுங்கள். மாறவே மாட்டேன் என்று இருப்பதும் ஆபத்துதான். சி++ மொழிக்கு 1998-லேயே தரநிலை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் டர்போவிலேயே பழகிவிட்டு வெளியே போனவர்கள், முதல் வரியிலேயே புதிய கம்பைலரிடம் திட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு படியாக ஏறினால் கால் வலிக்காது. பத்து வருடம் கழித்து ஒரே தாவாகத் தாவினால் எங்கே விழுந்தோம் என்றே தெரியாது.

இங்கே வருமுன் பரணிலிருந்து என் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். "தேவையான கருவிகள்" என்ற தலைப்பின் கீழே "கணிப்பொறி – 1" அடிக்கப்பட்டு, மூன்று வரிகள் எழுதியிருக்கின்றன. பக்கத்தில் சாரின் சிவப்புக் கையெழுத்து. சார் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்று கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது தெரியும் சார். நம்பர் எழுதாவிட்டாலும் புரோகிராம் ஓடும். என்ன விடை தருகிறது என்பதுதான் தெரியாது.