கடலுக்கு அந்தப் பக்கமும் மலைக்கு மேலேயும்



இலக்கிய மேடையில் பிரசவத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிள்ளை பெறப் போன பெண் உயிரோடு வீடு திரும்புகிறாளா என்பதைவிடப் பெரிய பொருள் எந்த மேடைக்கும் கிடையாது என்று நம்புகிறவன் நான்.

மருத்துவத்தில் யாரோடு நம்மை ஒப்பிடுவது என்று கேட்டால், உடனே அமெரிக்கா என்போம், லண்டன் என்போம். பக்கத்தில் பார்ப்பதில்லை. ராமேசுவரத்தைத் தாண்டிக் கொஞ்சம் கடல், அதற்கப்பால் இலங்கை. 1930களில் அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2000 தாய்மாருக்கு மேல் செத்தார்கள். 1934, 35ல் வந்த மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். அதே நாட்டில் 1950 வாக்கில் தாய்மார் சாவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. பிறகு அது முப்பதை ஒட்டி வந்துவிட்டது. 2016ல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்தது. தாய்மார் சாவில் நம் கணக்கு என்ன? 2018-20ல் இந்தியா முழுமைக்கும் 97. தமிழ்நாட்டுக்கு 54. கேரளத்துக்கு 19.

இலங்கை பணக்கார நாடா? இல்லையே! பிறகு எப்படி முடிந்தது?

1926ல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். நோய் வந்த பிறகு பார்ப்பதற்குப் பதிலாக, முன்பே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அதன் வேலை. அங்கிருந்து நாடெங்கும் பரவியவர்தான் மருத்துவ மாது. முறையாகப் பயிற்சி பெற்ற பெண். அவருக்கென்று ஓர் எல்லை. அந்த எல்லைக்குள் யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, யாருக்கு ரத்தம் குறைவு, யாரை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். டாக்டர் வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே அவர் வாசலில் நிற்பார்.

ஆனால் தோழர்களே, அந்த மாதை வாசலுக்கு அனுப்பியது யார்? 1931லேயே இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. வாக்குக் கேட்டு ஊருக்குள் வந்தவரிடம் மக்கள் பள்ளிக்கூடம் கேட்டார்கள், ஆஸ்பத்திரி கேட்டார்கள். 1945ல் இலவசக் கல்வி. 1951ல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் ஒழிந்தது. படித்த பெண் ஆபத்தை அடையாளம் கண்டாள். காசில்லையே என்று தயங்காமல் கிளம்பினாள். கேட்கிற வாய் இருந்த இடத்துக்கு மருத்துவம் வந்தது.

இதன் மறுபக்கத்தை நாம் அவசியம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே இருப்பது நம் ரத்தம். தமிழ் மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள். 1948ல் அவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். அதோடு வாக்கும் போயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரி நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. குடியுரிமை திரும்பக் கிடைத்தும் அந்தப் பள்ளம் இன்னும் நிரம்பவில்லை. 2016ல் எடுத்த கணக்கிலும், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதம் தோட்டங்களில் நாட்டின் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உலகம் மெச்சும் இலங்கையின் சராசரிக்குள் இந்தப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்கள்.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. பொதுச் சுகாதாரத்துக்கென்று இந்தியாவில் முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1939ல். கிராம சுகாதார செவிலியர், இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனைக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம் எல்லாம் நம் சொத்து. குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்கள் என்று 1985ல் ஆய்வாளர்கள் நூல் போட்டபோது அதில் இலங்கையும் கேரளமும் இருந்தன. 2011ல் வந்த அடுத்த நூலில் தமிழ்நாடு இருக்கிறது. 2022ல் இலங்கை நொடித்து, அங்கே மருந்துக்கே பஞ்சம் வந்தபோது, 28 கோடி ரூபாய்க்கு மருந்து அனுப்பியதும் நாம்தான். அதைச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் நம் 54க்குள்ளும் ஒரு மலை இருக்கிறது. நம் மாவட்டத்து ஜவ்வாது மலை. திருவண்ணாமலையில் மருத்துவக் கல்லூரி 2013லேயே வந்துவிட்டது. ஆனாலும் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடும். மலைமேல் ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே கிடக்கும் குக்கிராமத்துப் பெண்ணுக்கு ராத்திரியில் அந்த இரண்டு மணி நேரம் எதற்குப் போதும்?

இதே திருவண்ணாமலையில், தீபத் திருநாளில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக மருத்துவ முகாம், 108 வண்டி என்று நிறுத்துகிறோம். வருகிற லட்சக்கணக்கான பேரைக் காக்கிறோம். அந்தத் திறமை இந்த மாவட்டத்துக்கு இருக்கிறது. மலைமேல் இருப்பவர்களுக்கும் வாக்கு உண்டு. ஆனால் எண்ணிக்கையில் கொஞ்சம், அதனால் குரலும் கொஞ்சம். நம் குரலை அதோடு சேர்க்க வேண்டும்.

அடுத்த கிராம சபையில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். நம் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் காலியா? மலைக் கிராமங்களில் எத்தனை காலி? மாதம் நெருங்கிய தாய் தங்குவதற்கு மலையில் எத்தனை படுக்கை? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.