வரிதான் வாளை எடுக்க வைத்தது!

(தலைப்பு: பாளையக்காரர்களைப் போர்க்களத்துக்கு இழுத்தது பெரிதும் மானமா? வரியா? 'வரியே' என்ற அணியில் பேசியது. இடம்: கீழப்பழுவூர்)

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! மானம், மானம் என்று பேசி மைக்கையே சூடாக்கிவிட்டுப் போயிருக்கிற எதிரணி நண்பர்களே! ஆலந்துறையார் கோயில் கொண்டிருக்கிற இந்தக் கீழப்பழுவூர் மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே!

பழுவேட்டரையர்கள் ஆண்ட பூமி இது. மொழிக்காக 1964ஆம் ஆண்டு திருச்சியில் தன் உயிரையே கொடுத்த சின்னச்சாமியின் ஊர் இது. இங்கே வந்து நின்று "மானம் பெரிசில்லை" என்று நான் சொன்னால், பத்திரமாகப் பஸ் ஏறி ஊர் போய்ச் சேர முடியுங்களா? (சிரிப்பு) அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானம் பெரிசுதான். ஆனால் இன்றைக்குக் கேள்வி எது பெரிசு என்பதல்ல. சண்டை எதனால் வந்தது என்பதுதான்.

எதிரணித் தலைவர் சிவாஜி மாதிரியே மீசையை முறுக்கிக்கொண்டு கட்டபொம்மன் வசனம் பேசினார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன் தெரியுமா? 1959இல் வந்த அந்தப் படத்திலே அந்த வசனம் எதைப் பற்றியது? வரியைப் பற்றியது! பாவம், எனக்காகப் பேசிவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே! பாளையம் என்றால் என்ன? 1529இல் மதுரைக்கு வந்த விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாதரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வழக்கு. பாளையக்காரர் வரி வாங்குவார். அதில் ஒரு பங்கு மதுரைக்குப் போகும். மிச்சத்தில் படை வைப்பார், காவல் காப்பார், வழக்குத் தீர்ப்பார். வாங்குகிறவர் முகம் கொடுக்கிறவனுக்குத் தெரியும். ஊரில் ஒரு களவு போனால், "காவல் வரி வாங்கினீங்களே, எங்க மாடு எங்கே?" என்று வாசலில் போய்க் கேட்கலாம்.

அப்புறம் ஆற்காட்டு நவாப் முகமது அலி வந்தார். அவருடைய பதவிக்குச் சண்டை போட்டுக் கொடுத்தது கம்பெனி. அந்தச் சண்டைச் செலவெல்லாம் நவாப் தலையில் கடனாக ஏறியது. கடன் கொடுத்தவன் என்ன செய்வான்? வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க ஏன் சிரமப்படறீங்க? உங்க வீட்டில குடியிருக்கிறவங்ககிட்ட வாடகையை நானே வாங்கிக்கிறேன்" என்பான். (சிரிப்பு) அதுதாங்க நடந்தது! 1792 ஜூலை 12ஆம் தேதி போட்ட உடன்படிக்கையில், பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்குகிற உரிமையைக் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. கட்டபொம்மனை யாரும் கேட்கவில்லை. உழுகிறவனைக் கேட்டார்களா? அவனையும் கேட்கவில்லை.

இதெல்லாம் தெற்குச் சீமைக் கதை, நம்ம பக்கம் என்ன என்று கேட்பீர்கள். 1765ஆம் ஆண்டை மட்டும் மனதில் வையுங்கள். இதோ பக்கத்திலே இருக்கிற அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்கள்மீது அந்த வருஷம்தான் நவாபின் படை கம்பெனிச் சிப்பாய்களோடு வந்தது. சொன்ன குற்றம் என்ன? கப்பம் சரியாகக் கட்டவில்லை, மதுரைச் சண்டைக்கு உதவவில்லை. பாளையக்காரர்கள் ஊரை விட்டு, டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடிக்குப் போய் அடைக்கலம் புகுந்தார்கள்.

அதே 1765இல்தான் டில்லி பாதுஷாவிடமிருந்து வங்காளத்தின் வரி வசூல் உரிமையைக் கம்பெனி வாங்கியது. அதே 1765இல்தான் அமெரிக்காவில் குடியேறியிருந்தவர்கள் தலையில் லண்டன் பார்லிமெண்ட் முத்திரை வரி போட்டது. அவர்கள் யார்? வெள்ளைக்காரர்கள்தான்! "எங்களைக் கேட்காமல் எங்கள்மீது எப்படி வரி போடலாம்?" என்று அவர்களே கொதித்தார்கள். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது யார் தேயிலை? நம்மை ஆட்டிப்படைத்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை! (கைதட்டல்) 1776இல் சுதந்திரம் என்று அறிவித்தார்கள். 1781இல் யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை சரணடைந்தது.

தோற்ற காரன்வாலிஸ் வீட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்தாரா? இல்லை. 1786இல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்தார்! சற்றுமுன் சொன்னேனே, 1792 உடன்படிக்கை, அது அவருடைய ஆட்சியில் போட்டதுதான். அங்கே வரியால் விட்டதை இங்கே வரியால் பிடித்தார்கள். (பலத்த கைதட்டல்)

இப்போது எதிரணி அம்மையார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "ராமநாதபுரத்தில் ஜாக்சன் துரை கட்டபொம்மனை மூன்று மணி நேரம் நிற்க வைத்தானே, அது மானப் பிரச்சினை இல்லையா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் அம்மா, கட்டபொம்மன் அங்கே எதற்குப் போனார்? கல்யாணப் பத்திரிகை வைக்கவா? (சிரிப்பு) 1798 மே மாத முடிவில் அவர் பேரில் 3,310 பகோடா நிலுவை என்று கம்பெனி கணக்கு எழுதியிருந்தது. ஜாக்சன் ஊர் ஊராகப் போக, இவரும் பின்னாலேயே 23 நாள் போனார். கடைசியில் ராமநாதபுரத்தில் கணக்கைப் பார்த்தால், பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. 1,080 பகோடாதான் பாக்கி. அதற்குப் பிறகும் பிடிக்கப் பார்த்தார்கள். கைகலப்பில் கிளார்க் என்ற அதிகாரி செத்தார். கம்பெனியே விசாரித்து ஜாக்சனை வேலையிலிருந்து நீக்கியது. கட்டபொம்மனுக்கு மானத்தில் அடிபட்டது உண்மை. அடி விழுந்த இடம் வரிக் கணக்கு மேஜை!

வேலு நாச்சியாரைச் சொன்னார்கள். அந்தத் தாயை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 1772இல் காளையார்கோவிலில் அவர் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். படை வந்தது எதற்கு? அதுவும் கப்பத்துக்குத்தான். எட்டு வருஷம் விருப்பாட்சியில் காத்திருந்து, ஐதர் அலி உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். கணவனை இழந்த வேதனை ஒரு பெண்ணுக்கு. கப்பம் கேட்கிற கை ஊரிலிருக்கிற எல்லாப் பெண்ணின் உலைப்பானைக்கும் வரும். அதனால்தான் ஊரே அவர் பின்னால் போனது என்று நான் சொல்கிறேன்.

நடுவர் அவர்களே, இதுதான் என் வழக்கின் உயிர். மானத்துக்காக ராஜா சண்டை போடலாம். குடியானவன் ஏன் வந்தான்? 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். கோட்டையை இடித்தார்கள். ராஜாவின் மானத்தோடு போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கணும். முடியவில்லையே! 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினார். இடித்த கோட்டையை ஜனங்கள் மண் சுமந்து மறுபடியும் எழுப்பினார்கள். சம்பளத்துக்கா சுமந்தார்கள்?

அந்த வருஷம் ஜூன் 16ஆம் தேதி சின்ன மருது ஓர் அறிக்கை வெளியிட்டார். எங்கே ஒட்டினார்கள் தெரியுமா? இங்கே பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும்! எல்லாச் சாதிக்காரர்களையும், முஸ்லிம்களையும், கம்பெனியிடம் சம்பளம் வாங்கிய சிப்பாய்களையும்கூடப் பேர் சொல்லி அழைத்தது அந்த அறிக்கை. அதில் மானம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜனங்கள் வறுமையில் துடிக்கிறார்கள், துடிப்பது ஏன் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்ற வேதனையும் அதில் இருக்கிறதே! அந்த வறுமையின் பெயர்தான் ஐயா வரி. (கைதட்டல்)

முடிவு உங்களுக்குத் தெரியும். அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கில். நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்கு மரண தண்டனை. 1802 பிப்ரவரியில் 73 பேரைக் கப்பலில் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அதற்குள் 1801 ஜூலை 31இலேயே கர்நாடகம் முழுவதையும் கம்பெனி எழுதி வாங்கிவிட்டது.

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரே நிமிஷம் ஐயா. போர் முடிந்தது, வரி முடிந்ததா? 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி சத்தியாக்கிரகத் தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். எங்கிருந்து? அதே திருச்சியிலிருந்து! எங்கே? வேதாரண்யத்துக்கு. எதற்கு? உப்புக்கு! கோட்டை கொத்தளம் எல்லாம் போன பிறகு, வாள் வேல் எல்லாம் பிடுங்கப்பட்ட பிறகு, ஒரு பிடி உப்பை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். அந்தச் சண்டையை ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் கொண்டுபோனது எது? வரி!

மானம்தான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னால், பெருமை சிலை வைத்த நாலு பேருக்குப் போகும். வரிதான் என்று சொல்லுங்கள். மண் சுமந்தவனுக்கும், பினாங்குக்குப் போனவனுக்கும், கஞ்சியில் உப்பைக் குறைத்துப் போட்ட தாய்க்கும் அந்தப் பெருமையில் பங்கு கிடைக்கும். "எங்களைக் கேட்காமல் எங்கள் காசை எடுக்க நீ யார்?" என்று கேட்டவர்கள் அவர்கள். இன்றைக்கும் ஒரு தீப்பெட்டி வாங்கினால் வரி கட்டுகிற நாம், அந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்கிறோமே, அந்த உரிமை அவர்கள் விட்டுப்போன சொத்து.

ஆகவே, வாளை எடுக்க வைத்தது வரியே, வரியே என்று கூறி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)