முட்டுக்கட்டை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'குழுவாக வேலை செய்வது எப்படி' என்று பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் நாமெல்லாம் என்ன பேசுவோம் என்பது தெரிந்ததுதான். ஒற்றுமை, விட்டுக்கொடுத்தல், ஊர் கூடித் தேர் இழுத்தல். நானும் தேரிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் வடம் பிடிப்பவர்களைப் பற்றி அல்ல.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரம். எடை முந்நூறு டன் அளவுக்குச் சொல்வார்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொருவருக்கும் தெரிவது முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. பிறகு அது வீட்டுத் திண்ணையில் ஏறாமல் எப்படித் தெருவிலேயே போகிறது? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சில பேர் கனமான மரக்கட்டையோடு நடந்து வருவார்கள். தேர் இடது பக்கம் சாய்ந்தால் எந்தச் சக்கரத்துக்கு அடியில், எந்தக் கோணத்தில், எந்த நொடியில் கட்டையைச் செருக வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கை ஒரு சாண் பிசகினால் கை இருக்காது. இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. இருந்தாலும் கட்டை போடுகிறவர்கள் இல்லாமல் தேர் நகராது.

அந்தக் கட்டைக்குப் பெயர் முட்டுக்கட்டை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லை நாம் ஆபீசில் திட்டுவதற்குத்தான் பயன்படுத்துகிறோம். 'அவன் எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுவான் சார், அவனை மீட்டிங்குக்கே கூப்பிடாதீங்க' என்கிறோம். இன்று நான் பேசப் போவது அந்த 'அவனை'ப் பற்றித்தான்.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் டெனெரீஃப் என்று ஒரு தீவு. பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்களை இங்கே திருப்பி விட்டிருந்தார்கள். சிறிய விமான நிலையம். கடுமையான மூடுபனி. ஒரே ஓடுதளத்தில் இரண்டு 747 ஜம்போக்கள். கே.எல்.எம். விமானம் ஒரு முனையில் புறப்படத் தயாராக நிற்கிறது. பான் ஆம் விமானம் அதே ஓடுதளத்தில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று தெரியவில்லை.

கே.எல்.எம். தலைமை விமானி சாதாரண ஆள் இல்லை. மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மூத்தவர். பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதி உண்டு என்று சான்று கொடுத்தவரே அவர்தான். குருவும் சிஷ்யனும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். குரு இன்ஜின் விசையைக் கூட்டுகிறார். சிஷ்யன் உடனே, இன்னும் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வரவில்லையே என்கிறார். சரியாகச் சொன்னார், சரியான நேரத்தில் சொன்னார். குருவும் நிறுத்தினார். ஆனால் அவர் சொன்ன பதில், 'அது எனக்குத் தெரியும், நீ கேள்' என்ற தோரணையில் இருந்தது.

அடுத்து வந்தது, புறப்பட்ட பின் போக வேண்டிய பாதைக்கான அனுமதி மட்டும். கிளம்பலாம் என்ற அனுமதி அல்ல. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் தலைமை விமானி மறுபடி விசையைக் கூட்டிவிட்டார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளருக்கு ரேடியோவில் ஏதோ உறுத்தியது. அந்தப் பான் ஆம் இன்னும் ஓடுதளத்தை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அவரும் அதற்குமேல் பேசவில்லை. சில நொடிகளில் 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றிலேயே இதைவிட அதிக உயிர் பறித்த விபத்து கிடையாது.

மூடுபனி, ரேடியோவில் இரண்டு பேச்சு ஒன்றின்மேல் ஒன்று மோதிக் கேட்காமல் போனது, தெளிவில்லாத வாசகங்கள் என்று விபத்துக்குக் காரணங்கள் பல. நான் பார்ப்பது அந்தத் துணை விமானியை. முதல் முறை பேசியவர், இரண்டாம் முறை ஏன் பேசவில்லை? அவருக்கு அறிவு இல்லையா, தைரியம் இல்லையா? இரண்டும் இருந்தது என்பதை முதல் முறையே காட்டிவிட்டார். நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. அவருக்குக் கிடைத்த பதில். அவரைத் திட்டவில்லை, அவமானப்படுத்தவில்லை. 'எனக்குத் தெரியும்', அவ்வளவுதான். இந்த வாக்கியத்தை நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம், கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

அடுத்த வருடமே, 1978 டிசம்பரில், அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரில் ஒரு யுனைடெட் விமானம், சக்கரம் சரியாக இறங்கியதா என்று பார்த்துக்கொண்டே வானில் வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்பது மற்ற இருவருக்கும் தெரியும். பட்டும் படாமலும் சொன்னார்கள். ஓங்கிச் சொல்லவில்லை. விசாரணை நடத்தியவர்கள், தலைமை விமானிகளுக்குக் கேட்கவும், மற்றவர்களுக்கு உறைக்கும்படி சொல்லவும் பயிற்சி வேண்டும் என்றார்கள். 1980களில் அது பாடமாகவே வந்தது. க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர். பழைய விமானிகள் சிலர் 'இது என்ன, நல்லொழுக்க வகுப்பா' என்று சிரித்தார்களாம். நம் ஊர் என்றாலும் அப்படித்தான் சிரித்திருப்போம்.

அதன் பலன் 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. அதே யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.10 விமானம், 296 பேரோடு போய்க்கொண்டிருக்கிறது. வால் பகுதி இன்ஜினின் விசிறித் தட்டு சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டது. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு அதன் பொருள் புரியும். எதைத் திருப்பினாலும் எதுவும் அசையாது. கையேட்டில் இதற்கு வழியே எழுதப்படவில்லை. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ் என்ன செய்தார்? தனக்கும் தெரியாது என்பதை மறைக்காமல் எல்லோரிடமும் யோசனை கேட்டார். டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி அன்று பயணியாக வந்திருந்தார். உதவட்டுமா என்று சொல்லி அனுப்பினார். 'நீ யார், போய் உட்கார்' என்று சொல்ல ஹெய்ன்ஸுக்கு எல்லா அதிகாரமும் இருந்தது. உள்ளே கூப்பிட்டு, மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் விசையை அவர் கையில் கொடுத்தார். ஒரு இன்ஜினைக் கூட்டி, இன்னொன்றைக் குறைத்து விமானத்தைத் திருப்பினார்கள். சுமார் முக்கால் மணி நேரம் நான்கு பேரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே சூ சிட்டி விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். இறங்கும்போது விமானம் உடைந்து தீப்பிடித்தது. 184 பேர் பிழைத்தார்கள். பிறகு ஹெய்ன்ஸ் போன இடமெல்லாம் அந்தப் பயிற்சியைத்தான் காரணமாகச் சொன்னார்.

விமானம் போதும், தரைக்கு வருவோம். நான் பல வருடம் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஃபிட்டர் அண்ணன். டர்பைனைத் திறந்து வேலை பார்க்கும்போது ஸ்பானர்களையெல்லாம் ஒரு சாக்கில் வரிசையாக அடுக்கி வைப்பார். மூடுவதற்கு முன் எண்ணுவார். ஒரு நாள் இரவு எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. மறுநாள் காலை மின்சாரம் கொடுத்தாக வேண்டும், மேலிருந்து போன் மேல் போன். அண்ணன் அசையவில்லை. 'ஒண்ணு குறையுது சார், மூட மாட்டேன்.' நான்கு மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினோம். ஸ்பானர் கடைசியில் ஹெல்பர் பையனின் சாப்பாட்டுப் பையில் இருந்தது!

அதாவது, டர்பைன் உள்ளே ஒன்றுமே இல்லை. நான்கு மணி நேரம் வீண். எல்லோரும் எங்கள் சீஃப் முகத்தைப் பார்த்தோம். வெடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் கேன்டீனுக்கு ஆள் அனுப்பி எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். அண்ணனிடம், 'அடுத்த தடவையும் எண்ணிடுங்க' என்றார். தாமதத்துக்கான விளக்கக் கடிதத்தில் தன் பெயரில் கையெழுத்துப் போட்டார். அதில் அண்ணன் பெயரே இல்லை.

கட்டை போட்டது சரியென்று நிரூபணமானால் பாராட்டுவது யாருக்கும் சுலபம். தேவையில்லாமல் போட்டுவிட்டார் என்று தெரிந்த பிறகு அவரை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அன்று அந்த அண்ணனைக் கேலி செய்திருந்தால், அடுத்த முறை நிஜமாகவே ஸ்பானர் உள்ளே இருக்கும்போது எண்ணிப் பார்க்க ஆள் இருந்திருக்காது. எங்கள் பிரிவில் அந்த டீக்குப் பிறகு சின்னச் சின்ன ஹெல்பர்கள்கூட 'சார், ஒரு சந்தேகம்' என்று வர ஆரம்பித்தார்கள். பாதிச் சந்தேகம் உப்புப் பெறாதது. மீதிப் பாதி எங்களைப் பலமுறை காப்பாற்றியது.

மாணவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் வெளியிட்டார்கள். பெயர் சொன்னதால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முறை வாய் திறந்தவருக்கு, மறுபடி வாய் திறப்பது கொஞ்சம் சுலபம்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் பேட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நம் காலத்திலிருந்தே ஒருத்தன் வேலை செய்வான், ஒருத்தன் டைப் அடிப்பான், ஒருத்தன் பைண்டிங் காசு கொடுப்பான், ஒருத்தன் வைவா அன்றைக்கு டை கட்டிக்கொண்டு வருவான். அதை நான் மாற்றிவிட முடியாது. ஆனால் அந்தப் பைண்டிங் காசு கொடுப்பவன், 'மச்சி, இந்த ரீடிங் தப்பா இருக்குற மாதிரி தெரியுதே' என்று சொன்னால், 'உனக்கென்னடா தெரியும்' என்று சொல்வதற்கு முன் அந்த ரீடிங்கை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள். இங்கே மேனேஜராகவும் துறைத் தலைவராகவும் வந்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கும் இதையேதான் சொல்வேன். உங்களிடம் 'மச்சி' என்று உரிமையோடு சொல்ல யாரும் இல்லாததால், நீங்களாகப் போய்த்தான் கேட்க வேண்டும்.

செயலாளர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். இவ்வளவு நேரம் இதையே பேசிவிட்டு, எனக்குப் போட்ட கட்டையை நான் மதிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.