வல்லாரையும் அதன் பெயரும்



பொதியிலில் பிறந்து புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் பொருநை, நெல்லைச் சீமைக்கு நெல்லை மட்டும் தரவில்லை. கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் என அதன் நீர் பாயும் ஈர வரப்புகளில், விதைப்பார் இன்றியே படர்கிறது வல்லாரை. கணுதோறும் வேரூன்றித் தரையொட்டி ஊரும் தண்டும், வட்டமாய் விரிந்து காம்பிடத்தே பிளவுண்ட இலையும் அதன் அடையாளங்கள். அதனைத் துவையலாக அரைத்தும் பருப்பொடு கடைந்தும் உண்பது இந்நிலத்து வழக்கம். ஈழத்தமிழர் சம்பலாக்கி உண்பர்.

கீரைதானே என்று நாம் கடந்து செல்வதை உலகம் கடந்து செல்லவில்லை. 1941இல் வல்லாரையினின்று ஆசியாட்டிக்கோசைடு என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மடகாசுக்கர்த் தீவில் அதனைத் தொழுநோய்ப் புண்களுக்கு இட்டு ஆய்ந்தனர். தோலுக்குத் திண்மை தரும் கொலாசனைப் பெருக்கிப் புண் ஆற உதவுவதைப் பின்வந்த ஆய்வகங்கள் கண்டன. இன்று கொரிய நாட்டுத் தோற்களிம்புகள் பலவற்றில் வல்லாரைச் சாறு இருக்கிறது.

வல்லாரை உண்டால் நினைவாற்றல் பெருகும் என்பது வீடுதோறும் வழங்கும் பேச்சு. அதனை ஆராயப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படுவது பெயர்க்குழப்பமே! ‘பிராமி’ என்னும் வடசொல் வடபுலத்தே சில இடங்களில் வல்லாரையையும், பிற இடங்களில் முற்றிலும் வேறான நீரோரச் செடி ஒன்றையும் குறிக்கிறது. தமிழ் மருத்துவரோ அவ் வேற்றுச் செடியை நீர்ப்பிரமி என அடைகொடுத்துப் பிரித்தனர். வல்லாரையை வல்லாரை என்றே வழங்கினர். நீர்ப்பிரமியின் இலை சிறியது, தடித்தது. இரண்டுக்கும் செடிக்குடும்பமும் வேறு, உட்பொருளும் வேறு.

நினைவாற்றல் பற்றிய ஆய்வுகள் பல நீர்ப்பிரமியின்மேல் நடந்தவை. அவற்றின் முடிவை வல்லாரைப் புட்டியின்மேல் ஒட்டி விற்பது எவ்வகை அறம்? வல்லாரைக்கு அத்துணை உறுதியான சான்று இன்னும் கிட்டவில்லை. இதனை ஒளிவின்றி உரைப்பதால் தமிழ் மருத்துவம் தாழாது. பொய்ப்புகழ் சூட்டினால்தான் தாழும். பெயர் பிறழின் செடி பிறழும். செடி பிறழின் மருந்தும் பிறழும்!

அளவும் வேண்டும். வல்லாரை மாத்திரைகளை நாள்தோறும் உட்கொண்ட பெண்டிர் மூவர்க்கு ஈரல் நோய் நேர்ந்ததையும், அவற்றை நிறுத்தியபின் நலமுற்றதையும் 2005இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை ஒன்று பதிந்துள்ளது. உணவாக அளவொடு உண்பது வேறு. செறிவூட்டிய மாத்திரையை நாட்கணக்கில் விழுங்குவது வேறு. கழிவுநீர் தேங்கும் இடத்து வல்லாரையைத் தொடவும் வேண்டா. மண்ணிலுள்ள நச்சு மாழைகளை அது தன்னுள் ஏற்கும் இயல்பினது. எனவே பொருநையைத் தூய்மையாகக் காப்பதும் மருத்துவமே.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. செடியை இனங்கண்டு பயன்கொள்ளும் கல்வி அங்கே உண்டு. ஆயினும் அக்கல்வியின் முதற்பாடம் வீட்டு முற்றத்தில் தொடங்கட்டும். நீர் வடியும் மூலையில் ஒரு கொடியை ஊன்றுங்கள். இலையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, ‘இது வல்லாரை’ எனச் சொல்லிக் கொடுங்கள். பெயரறிந்த பிள்ளை நாளை கடைக்காரரின் சொல்லுக்கு ஏமாறாது.