குதிரையோடு மூன்று நாள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த சான்றோர் இலக்கியமும் சமயமும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு பார்சல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரைப் பேச வைப்பது என்று செயலாளர் பிடிவாதமாக இருந்துவிட்டார். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட எங்களுக்கு இலக்கியம் பேசும் தகுதி கிடையாது. ஆகவே, சென்ற குளிர்காலத்தில் கன்டோன்மென்ட் மைதானத்தில் நடந்த குதிரைப் போட்டியில் கலந்துகொண்ட செய்தியைச் சொல்லி அமைகிறோம்.

'நாங்கள்' என்று சொல்வது பெருமைக்காக அன்று. அப்போட்டியின் மதிப்பெண் தாளில் குதிரையின் பெயரும் அதன்மேல் ஏறியவர் பெயரும் ஒரே வரியில் எழுதப்படுகின்றன. ஒருவர் பிழையை மற்றவரும் சுமக்க வேண்டும். ஆதலின் ராணி என்னும் அந்தக் குதிரையை விட்டுவிட்டுத் தனியே பேச மனம் வரவில்லை.

'ஈவென்டிங்' எனப்படும் இப்போட்டி மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது டிரஸாஜ். 20 மீட்டர் அகலமும் 40 அல்லது 60 மீட்டர் நீளமும் உள்ள களத்தில், நடை, துள்ளுநடை, பாய்ச்சல் ஆகியவற்றைக் குதிரை ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று நடுவர் மதிப்பிடுவார். இரண்டாவது கிராஸ் கன்ட்ரி. மரக்கட்டை, பள்ளம், நீர்நிலை முதலிய அசையாத தடைகளைத் திறந்த வெளியில் குறித்த நேரத்துக்குள் தாண்டி வரவேண்டும். மூன்றாவது ஷோ ஜம்பிங். தொட்டால் விழுந்துவிடும் கழிகளை விழாமல் தாண்ட வேண்டும். மூன்றிலும் சேரும் தண்டப் புள்ளிகள் யாருக்குக் குறைவோ அவரே வென்றவர். நம் வீட்டுக் கடன் கணக்கைப் போலத்தான்; குறைந்தால் நல்லது!

இது படைவீரர்களின் சோதனையாகப் பிறந்தது. 1902-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் குதிரைப்படைக் குதிரைகளுக்காக இத்தகைய போட்டி நடந்தது. அணிவகுப்பில் அடக்கம், களத்தில் துணிவு, மறுநாளும் உழைக்கும் உடல்நலம் ஆகிய மூன்றும் ஒரே குதிரையிடம் உண்டா என்று பார்ப்பதே நோக்கம். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது.

அன்பர்களே, குதிரை எல்லோரையும் சுமந்தது. ஆனால் ஒலிம்பிக் குதிரைப் போட்டிகளின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் டிரஸாஜ் குழுப் போட்டியில் ஸ்வீடன் தங்கம் வென்றது. அக்குழுவில் ஒருவர் கேனால் பெர்சன். அவர் உண்மையில் சார்ஜெண்ட். போட்டிக்காக அதிகாரியாக உயர்த்தப்பட்டவர். இது வெளிப்பட்டதும் மறு ஆண்டில் பதக்கம் பறிக்கப்பட்டது. குதிரை நன்றாக ஆடியதை எவரும் மறுக்கவில்லை. சட்டையில் இருந்த சின்னத்தைத்தான் மறுத்தார்கள். 1952-இல் அவ்விதி நீங்கியது. ஹெல்சிங்கியில் அதே பெர்சன் இடம்பெற்ற ஸ்வீடன் குழு மீண்டும் தங்கம் வென்றது. 1964-இல் டோக்கியோவில் பெண்மணி ஒருவர் முதன்முறையாக ஒலிம்பிக் ஈவென்டிங்கில் ஏறினார். நம் நாட்டிலும் 1982-ஆம் ஆண்டு டில்லி ஆசிய விளையாட்டில் 61-ஆம் குதிரைப்படையைச் சேர்ந்த ரகுபீர் சிங் ஈவென்டிங்கில் தங்கம் வென்றார். இந்தியக் குழுவும் தங்கம் வென்றது. 2018-இல் ஜகார்த்தாவில் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா வெள்ளி வென்றார்.

பெர்சன் கதையை நாங்கள் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் தந்தையார் வட ஆற்காட்டிலிருந்து பதினெட்டு வயதில் வடக்கே வந்து, குதிரைக்காரராக, இங்குள்ளோர் சொல்லும் 'சைஸா'க, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர். கொள்ளு ஊறவைப்பார், உடம்பு தேய்ப்பார், சேணம் பூட்டிக் கடிவாளத்தைப் பிடித்து நிற்பார். வேறொருவர் வந்து ஏறிப் போவார். போட்டி நாட்களில் தந்தையார் கயிற்றுக்கு வெளியே நிற்பார். பரிசளிப்பில் அவர் பெயர் ஒருநாளும் படிக்கப்பட்டதில்லை. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதும் இல்லை.

எங்களுக்கு நாற்பத்து மூன்று வயதானபோது, பொதுமக்களுக்கும் குதிரை ஏற்றம் கற்பிக்கும் லாயம் ஒன்று அருகில் தொடங்கியது. மாதக் கட்டணம் குமாஸ்தா சம்பளத்துக்கு ஏற்றதன்று. விடியற்காலையில் லாயம் கூட்டித் தருகிறோம், கட்டணத்தில் பாதி தள்ளுங்கள் என்று கேட்டோம், இசைந்தார்கள். மாலை ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டோம். "குமாஸ்தாவுக்குக் குதிரை எதற்கு?" என்று காலனி சிரித்தது. "கை கால் முறிந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்று இல்லத்தரசி அழுதார். இரண்டு ஆண்டு கழித்து, பதினைந்து வயதான ராணியோடு, புதியவர்களுக்கான வகுப்பில் பெயர் கொடுத்தோம். தடையின் உயரம் 90 சென்டிமீட்டர்தான். எங்களுக்கு அது மலையாகத் தெரிந்தது.

முதல் நாள் டிரஸாஜில் நூற்றுக்கு 61 பெற்றோம். நூற்றில் அதைக் கழித்தால் 39 தண்டப் புள்ளி. குறை ராணியுடையதன்று, எங்கள் கைகள் நடுங்கின, அவள் வாய் அதை அறிந்தது.

இரண்டாம் நாள் கிராஸ் கன்ட்ரி. ஏழு தடைகளைத் தாண்டினோம். எட்டாவது, தண்ணீர். ராணி கரையில் நின்றுவிட்டாள். நீரின் ஆழம் குதிரைக்குத் தெரியாது; ஏறியவர் நெஞ்சில் உறுதி இருந்தால்தான் அது இறங்கும். முதல் மறுப்புக்கு 20 புள்ளி. அதே தடையில் இரண்டாம் மறுப்புக்கு 40. மூன்றாவதில் வெளியேற்றம்.

அக்கரையில், கயிற்றுக்கு வெளியே, தந்தையார் நின்றிருந்தார். நாள்தோறும் வெல்லம் தருபவர் அவர். ராணி அவரைப் பார்த்துக் கனைத்தாள். அவர் ஒரு சொல் அழைத்திருந்தால் அவள் நீரைப் பாராமல் ஓடியிருப்பாள். ஆனால் வெளியார் உதவினால் போட்டியிலிருந்தே விலக்கலாம் என்பது விதி. தந்தையார் அதை நன்கறிவார். அவர் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார். வாழ்நாளெல்லாம் குதிரையிடம் பேசியவர் அன்று வாய் திறக்கவில்லை.

சவுக்கைப் பிடித்த கை தளர்ந்தது. ராணியைத் திருப்பிக் கொண்டுபோய், கழுத்தைத் தட்டிக்கொடுத்து, மீண்டும் நேரே வந்தோம். இறங்கினாள். தண்ணீர் எங்கள் முகத்தில் தெறித்தது. எஞ்சிய தடைகளையும் தாண்டினோம். குறித்த நேரத்துக்கு மேல் 25 வினாடி ஆயிற்று. வினாடிக்கு 0.4 வீதம் 10 புள்ளி.

இறங்கியவுடன் தந்தையார் வந்தார். எங்களைப் பார்க்கவில்லை, ராணியின் கால்களைத் தடவினார். "முன் இடது காலில் சூடு இருக்கிறது. காலையில் டாக்டர் ஓட்டிப் பார்ப்பார். நொண்டினால் நாமே விலகிவிட வேண்டும். பதக்கத்துக்காக அவளை நொண்ட வைக்கக் கூடாது, தம்பி" என்றார். அன்றிரவு முழுவதும் எழுபத்தொரு வயதில் அவர் உட்கார்ந்து குளிர்ந்த நீர்த்துணி மாற்றினார். நாங்கள் வாளி சுமந்தோம். அவர் முப்பத்தைந்து ஆண்டு செய்த வேலை எத்தகையது என்பது அந்த ஓர் இரவில்தான் விளங்கியது.

மூன்றாம் நாள் காலை கால்நடை மருத்துவர் ஓட்டிப் பார்த்துச் 'சரி' என்றார். ஷோ ஜம்பிங்கில் ஒரு கழி விழுந்தது, 4 புள்ளி. ஆகமொத்தம் 73. பதினான்கு பேரில் பதினோராம் இடம்! பரிசு ஒன்றும் இல்லை. ஆனால் முழுவதும் முடித்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் படித்தார்கள். எங்கள் பெயரின் முன்னெழுத்து தந்தையாரின் பெயருக்கு உரியது. அதுவும் சேர்த்தே படிக்கப்பட்டது.

பார்வையாளர் நாற்காலி ஒன்றில் அவரை அமரச் செய்து, "இன்று ராணியை நாங்களே நடத்தி ஆற்றுகிறோம், அப்பா" என்றோம். இரண்டு நிமிடம் அமர்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, "கயிற்றை இப்படிப் பிடிக்காதே" என்று வாங்கிக்கொண்டார்.

பெற்றோர்களே! பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நாம். "இது நமக்கு உரியதன்று" என்று பல வாயில்களை நாமே பிள்ளைகளுக்கு மூடிவிடுகிறோம். ஓவியமோ, நீச்சலோ, குதிரையோ, பிள்ளை விரும்பிக் கேட்டால் வாயிலருகே சென்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதினோராம் இடம் கிடைத்தாலும் குறைவில்லை. அவ்வாறு செல்லும்போது, கயிற்றுக்கு வெளியே நிற்பவர் யார் என்பதையும் திரும்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

தந்தையார் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இவ்வளவு நேரம் பேசியது அவருக்குப் பிடித்திராது. ராணிக்குத் தீனி வைக்கும் நேரம் ஆகிவிட்டது. ஆகவே இத்துடன் முடிக்கிறோம்.